ரோஸ்மேரி சொன்ன படங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த படங்கள் ஆறு. அவற்றில் ஒன்றைக்கூட அப்போது நான் பார்த்திருக்கவில்லை. எல்லாம் ரோஸ்மேரி சொல்லிக் கேட்டவை.

2003 ஆடியில் அம்மா இறந்தாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரி வாசலில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல். நான் அன்றைக்குத் திருப்பூரில், பனியன் கம்பெனி செக்கிங் மேசையில் நின்றிருந்தேன். பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பியவள் யாரோடும் பேசவில்லை. சோறும் இறங்கவில்லை. தைத்து வந்த பீஸில் தொங்கும் பிசிறு நூலை வெட்டிக்கொண்டே இருப்பேன்.

அந்த வாரம்தான் ரோஸ்மேரி என் பக்கத்து இடத்துக்கு மாறி வந்தாள். சாத்தான்குளத்துக்காரி. ஞாயிறு காலையில் கோயில், மத்தியானம் தியேட்டர் என்று இருப்பவள். என்னைக் கூடத் தங்கியிருந்த அண்ணன் தியேட்டர் பக்கமே விடமாட்டான்.

"ஏட்டி சித்ரா, நேத்து ஒரு படம் பாத்தேன். சொல்லுதேன், கேக்கியா?"

நான் நிமிராமல் நூலை வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குச் சொன்னாள். வெள்ளத்தில் மகனைத் தொலைத்த மீன்காரி ஒருத்தி அவனைத் தேடி ஊர் ஊராக நடக்கிறாள். கடைசியில் மகன் வீட்டு வாசலில் வந்து மயங்கி விழுகிறாள். அவன் மடியில் கிடத்திக் கஞ்சி ஊட்டுகிறான், கண் திறக்கிறாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அப்புறம் ஐந்து படங்கள் சொன்னாள். சேலை நிறம், மழை பெய்யும் சத்தம் எதையும் விடமாட்டாள்.

2005இல் எனக்குக் கல்யாணமானது. அவர் பாண்டித்துரை, அயர்னிங் மாஸ்டர். டிவிடி பிளேயர் வாங்கியதும் முதலில் மீன்காரி படத்தைத்தான் தேடிப்பிடித்து வாங்கி வரச்சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு அமராவதியக்காவையும் கூப்பிட்டு, முழுக்கதையையும் நானே முன்கூட்டிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

படத்தில் மீன்காரி ரோட்டோரத்தில் செத்துப்போனாள். மகன் வரவே இல்லை.

"ஏங்கண்ணு, பொழச்சுக்கும்னு சொன்னியே?" என்றார் அமராவதியக்கா. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

மறுநாள் கம்பெனியில் டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் ரோஸ்மேரியிடம் கேட்டேன். "நீ படம் பார்த்தியா, இல்லே சும்மா அளந்துவிட்டியா? ஒரு வார்த்தை நெசம் பேசமாட்டியா நீ?"

கையில் டீ டம்ளரோடு நின்றாள். "உனக்குப் பிடிச்சிருந்துச்சுல்லா" என்றாள், மெதுவாக. மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளுக்குப் 'புளுகு மேரி' என்று பேராகிவிட்டது. சூப்பர்வைசரே அப்படிக் கூப்பிட்டார். இரண்டு வாரத்தில் வேலையை விட்டுவிட்டாள்.

மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன், இன்னும் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறாள் பார்ப்போம் என்றுதான். மூன்றாவது படத்தில் பிளேயரை நிறுத்திவிட்டேன். பார்த்த எல்லாவற்றிலும் ஒரு தாய் சாகிற இடத்தை மட்டும்தான் அவள் மாற்றியிருந்தாள். மற்றதெல்லாம் அச்சு அசல் அப்படியே இருந்தது.

அன்றைக்கே அனுப்பர்பாளையத்தில் அவள் தோழிகளோடு இருந்த ரூமுக்கு ஓடினேன். "அந்தப் புள்ளைங்களா? காலி பண்ணி ஒரு மாசம் ஆச்சுங்களே" என்றார் வீட்டுக்காரம்மா.

நாலு வருஷம் கழித்துப் பழைய பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, காலடியில் பெரிய பை. மங்கலம் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள். அந்த 'ங்க' என்னைக் குத்தியது.

"இப்பவும் படம் பாக்கியா?"

"அதுக்கு எங்கங்க நேரம்?"

குழந்தை பேர் கேட்டேன். வெயில் இந்த வருஷம் ஜாஸ்தி என்றேன். பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன். "வாரேன்" என்று ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்குச் சட்டை சரிசெய்தாள்.

பத்து நிமிஷம் கூடவே நின்றிருந்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல அது தாராளமாகப் போதும். நான் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.