ஆயிரத்துல ஓடுற கேமரா

நான் பல் செட் செய்யறவ. டாக்டர் அளவெடுத்து அனுப்புவாரு, ஒவ்வொரு பல்லா அடுக்கி, தேய்ச்சு, மெருகேத்தித் தர்றது நான். இந்த ஊர்ல வயசானவங்கள்ல பாதிப் பேர் வாய்விட்டுச் சிரிக்கிறது என் கைவேலை. ஒருத்தர்கூட இதுவரைக்கும் நாக்கு மேல பல்லைப் போட்டு என் வேலையைக் குறை சொன்னதில்ல. எப்படிச் சொல்லுவாங்க, அந்தப் பல்லே நான் போட்டதுதானே! தற்பெருமைன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க. மீதியைக் கேட்டா இன்னும் ஜாஸ்தி நினைப்பீங்க.

எங்க வீட்டுக்காரர் பஸ் டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவர். பழைய ஃபிலிம் கேமரான்னா அவருக்கு உசிரு. ஆனா விலை ஒசந்தது இருக்கிற பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டாரு. பழைய சாமான் சந்தையில, ஓட்டை குக்கருக்கும் உடைஞ்ச ஃபேனுக்கும் நடுவுல, ஒரு ஜோடி செருப்பு விலைக்குக் கிடக்கணும். அதைத் தூக்கிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில பிரிச்சுப் போடுவாரு. நுணுக்கமான இடம் வந்தா என் பல் வேலை ஊசிகளோட நானும் உட்காருவேன். சண்டை போட்டுக்கிட்டேதான் செய்வோம். பக்கத்து வீட்டுக்காரங்க ஆரம்பத்துல பயந்தாங்க, இப்ப டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கறாங்க.

அந்தக் கேமராவுல அவர் எடுக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். டெப்போவுல ஒரு டிரைவர் ரிட்டையர் ஆனா, கடைசி ட்யூட்டி அன்னைக்கு அவரை ஸ்டியரிங்ல உட்கார வெச்சு ஒரு கருப்பு வெள்ளைப் படம். அதை ஓய்வறைச் சுவத்துல மாட்டிடுவாங்க. கொம்பன் மாதிரி திரிஞ்ச டிரைவருங்ககூட அன்னைக்குத் தலைசீவி, சட்டை காலரைத் திருப்பிச் சரிபண்ணிக்கிட்டு இவருக்காகக் காத்திருப்பாங்க.

ஒரு தடவை எடுத்த படம் மங்கலா வந்துச்சு. அடுத்ததும் அப்படியே. "லென்ஸ் போச்சு"ன்னாரு. நல்லா இருந்த லென்ஸைக் கழட்டித் துடைச்சு மாட்டினாரு. திரும்பவும் மங்கல். வேற லென்ஸ் வாங்கினாரு, அதையும் பிரிச்சாரு. ஃபிலிம்ல கொஞ்சம் மிச்சம் இருக்கேன்னு, கொடியில காயற துணியை நான் சும்மா ஒண்ணு எடுத்து வெச்சேன். கழுவி வந்தா, அவர் எடுத்ததெல்லாம் மங்கல். என் துணிப் படம் மட்டும், கிளிப்புல இருக்கிற துரு வரைக்கும் பளிச்சுன்னு இருக்கு. ஒரே கேமரா, ஒரே லென்ஸ். ரெண்டு பேரும் பார்த்தோம். குத்தம் லென்ஸ்ல இல்ல, அவர் கையிலன்னு ரெண்டு பேருக்கும் புரிஞ்சுபோச்சு.

நரம்பு டாக்டர்கிட்ட காட்டினோம். பயப்பட ஒண்ணுமில்ல, சிலருக்கு வயசானா வர்ற நடுக்கம்தான்னாரு. மாத்திரைக்குக் கொஞ்சம் கேட்கும், முழுசாக் கேட்காதுன்னாரு. அதுல இருந்து எங்க வீட்ல "கை"ங்கற பேச்சே எடுக்கறதில்ல. சிந்தாம இருக்கட்டும்னு டீயை அரை டம்ளர்தான் ஊத்துவேன், அவரும் ஏன்னு கேட்கமாட்டாரு. கேமராவெல்லாம் பரண்ல ஏறிடுச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான், டெப்போவுல எல்லாரும் "மீசை"ன்னு கூப்பிடற டிரைவருக்கு ரிட்டையர்மென்ட் வந்துச்சு. மீசையும் இவரும் வருஷக்கணக்கா ஒரே பஸ்ஸை ஓட்டினவங்க, காலையில இவர், மதியத்துக்கு மேல அவர். சீட்டை யாரு பின்னாடி தள்ளினதுன்னு இன்னைக்கு வரைக்கும் அவங்க பஞ்சாயத்து தீரல. மீசை வீடு தேடி வந்து, "அண்ணே, வர்ற வெள்ளிக்கிழமை கடைசி ட்யூட்டி. சுவத்துல உங்க பக்கத்துல இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். படம் நீங்கதான்"னாரு.

"போன்ல எவனாவது எடுப்பான் போடா. ஃபிலிமெல்லாம் இப்ப யாரு கழுவறாங்க?"ன்னு இவர் பேப்பரைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டாரு.

மீசையோட முகம் சுருங்கிப்போச்சு. சரிண்ணேன்னு கிளம்பிட்டாரு. எனக்கு வந்துச்சே கோபம்!

"வாய் கூசாம பொய் சொல்றீங்களே! ஃபிலிம் கழுவறவரு அடுத்த தெருவுலதானே கடை வெச்சிருக்காரு?"

"உன் வேலையைப் பாரு."

பார்த்தேன். ராத்திரி பூரா யோசிச்சேன். கை நடுங்கினா என்ன? அது நடுங்கறதுக்குள்ள படம் எடுத்து முடிச்சுடணும், அவ்வளவுதானே! பரண்ல இருக்கிறதெல்லாம் ஆமை வேகக் கேமரா. ஒரு செகண்டை ஆயிரமா வெட்டி, அதுல ஒரு துண்டு நேரம் மட்டும் திரையைத் திறந்து மூடற கேமரா வேணும். அது கிடைச்சா, உலகத்துல எந்த நடுக்கமும் அதுக்குள்ள புக முடியாது.

ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போனேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினேன். இஸ்திரிப் பெட்டிக் குவியலுக்கு அடியில கிடந்தது ஒண்ணு. மூலையில நசுங்கல், உள்ளே வெளிச்சம் புகாம ஒட்டியிருந்த கருப்பு ஸ்பாஞ்செல்லாம் உருகித் தார் மாதிரி ஒட்டுது. ஆனா வேகம் வைக்கிற திருகுல ஆயிரம்னு போட்டிருந்துச்சு. கடைக்காரர், "அலங்காரத்துக்கு வெச்சுக்கம்மா, ஓடாது"ன்னாரு. "ஓடுமா ஓடாதான்னு நீங்க சொல்லாதீங்க"ன்னுட்டு வாங்கிட்டு வந்தேன்.

மேஜையில விரிச்சு உட்கார்ந்தேன். தாரைச் சுரண்டி எடுத்துட்டு, பழைய வெல்வெட் துணியை நூல் மாதிரி வெட்டி ஒட்டினேன். இவர் பேப்பருக்குப் பின்னாடி இருந்து பார்க்காத மாதிரி பார்த்துக்கிட்டிருந்தாரு. பேப்பரை ஒரு தடவைகூடத் திருப்பல. பின்மூடியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, ஒவ்வொரு வேகமா அமுக்கினேன். அறுபதுல முழு வெளிச்சம் தெரிஞ்சது. நூத்தி இருபத்தஞ்சுலயும் தெரிஞ்சது. ஆயிரத்துல மட்டும் பாதி இருட்டு.

"கீழ் வேகமெல்லாம் ஓடுதுல்ல, அது போதும். மேல் வேகத்தை விட்டுத் தள்ளு"ன்னு பேப்பர் பேசுச்சு.

"எனக்கு ஆயிரம் வேணும்."

"எதுக்கு?"

பதில் சொன்னா "கை"ங்கற வார்த்தையைச் சொல்லணும். ஊசியை எடுத்துக்கிட்டு இன்னொரு தடவை அமுக்கினேன், திரும்பவும் பாதி இருட்டு. பேப்பர் மெதுவா இறங்குச்சு. அவர் என்னைப் பார்த்தாரு, கேமராவைப் பார்த்தாரு, அப்புறம் மடியில கிடந்த தன் கையைப் பார்த்தாரு. எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தாரு.

"திறக்கிற திரை பின்தங்குது, மூடற திரை ஓடிவந்து அதைப் பிடிச்சுடுது. அடியில பழைய கிரீஸ் இறுகிப் போயிருக்கும். அடித்தகட்டைக் கழட்டு."

"அதைத்தானே கழட்டப் போறேன்!"

"ஊசி முனையில எவ்வளவு நிக்குதோ அவ்வளவுதான் எண்ணெய். அதுக்கு மேல போச்சு, திரை நாசம்."

"பல்லுக்கு நான் எண்ணெயா ஊத்தறேன்? எனக்குத் தெரியாதா?"

ரெண்டு பேரும் கத்தின கத்துல பக்கத்து வீட்டு டிவி சத்தம் ஏறுச்சு. எத்தனை மாசம் கழிச்சு! கிரீஸைக் கரைச்சு எடுத்து, பற்சக்கரத்துக்குத் தொட்டு வெச்சு, திரையை இழுக்கிற திருகை மயிரிழை திருப்பி, திரும்ப அமுக்கினேன். ஆயிரத்துல முழு ஜன்னலும் பளிச்சுன்னு தெரிஞ்சது. "அமுக்கு, இன்னொரு தடவை அமுக்கு"ன்னு சின்னப் பிள்ளையாட்டம் அமுக்கச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. எனக்குத் தலைகால் புரியல.

வெள்ளிக்கிழமை மதியம் அந்தக் கேமராவோட ரெண்டு பேரும் டெப்போவுக்குப் போனோம். இவ்வளவு வேகத்துக்கு வெளிச்சம் நிறைய வேணும்னு, ட்யூட்டி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இவர் மீசையோட பஸ்ஸை நல்ல வெயில்ல நிறுத்தச் சொன்னாரு. மீசை ஜன்னல்ல முழங்கையை ஊனிக்கிட்டுச் சிரிச்சாரு. கேமரா எங்க வீட்டுக்காரர் கையில நடுங்கத்தான் நடுங்குச்சு. எனக்குப் பார்க்கப் பயமா இருந்துச்சு, பார்த்துக்கிட்டேதான் நின்னேன். டக்டக்குன்னு நாலஞ்சு எடுத்தாரு.

படம் கழுவி, பெரிசாப் போட்டு வந்ததும் டெப்போ ஓய்வறையில கூட்டம் கூடிடுச்சு. மீசையில ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரிஞ்சது. சட்டைப் பொத்தான்ல நூல் பிரிஞ்சிருந்தது, அதுவும் தெரிஞ்சது. மீசை கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இப்படி ஒரு வித்தையைக் கையில வெச்சுக்கிட்டு ஏண்ணே அன்னைக்கு முடியாதுன்னீங்க?"ன்னு கேட்டாரு.

இவர் வலது கையை எல்லார் முன்னாடியும் நீட்டினாரு. அது பாட்டுக்கு ஆடுச்சு.

"இதனாலதான்டா. ஃபிலிம் கழுவ ஆளில்லன்னு பொய் சொன்னேன். இதை ஜெயிக்கிற கேமராவைக் குப்பையில தேடிக் கண்டுபிடிச்சு, ரெடி பண்ணிக் கொடுத்தது இவ. என் பொண்டாட்டி"ன்னு என்னைக் காட்டினாரு.

நான் பெருமையாப் போய் அந்தப் படத்தை இவர் படத்துக்குப் பக்கத்துல மாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் டீ போட்டேன். அரை டம்ளர் ஊத்தினதும் நிறுத்தினேன். "முழுசா ஊத்து"ன்னாரு. தளும்பத் தளும்ப ஊத்தினேன். மேஜையெல்லாம் சிந்தினாரு, அவரே துடைச்சாரு.