நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு செய்தி

புஷ்பலதா அண்ணன் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பம்பாய்க்கு வேலை தேடிப் போன கணவன் திரும்பவில்லை. அண்ணன் பெருமாள் திருத்தணியில் விதைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மூட்டைகள் அடுக்கியது போக மிஞ்சிய இடத்தில்தான் அவளுடைய பாயும் பெட்டியும் இருந்தன. அண்ணன் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் அவள் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணி சந்திரா அதுவரை பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திவிடுவாள்.

2008-இல் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று கடை மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தது. எந்தக் கடையில் என்ன விதை இருக்கிறது என்று விவசாயிகளுக்கு செல்போனில் செய்தி அனுப்புவது அவர்கள் திட்டம். பன்னிரண்டாவது படித்த தங்கைக்கு அந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர் பெருமாள்தான்.

காலையில் அவள் திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் இடையே உள்ள எட்டுக் கடைகளுக்கு போன் செய்து இருப்பைக் கேட்பாள். பல செல்போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டி, இருபது இருபது பேராக நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்புவாள். அதற்கு முன்னெல்லாம் விவசாயிகள் ஒரு மூட்டை விதைக்காக மூன்று ஊர் பஸ் ஏறி, மூன்று இடத்திலும் இல்லையென்று கேட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள்.

கே.ஜி.கண்டிகையில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தைத் தனியாகப் பயிர் செய்யும் தாயாரம்மாளுக்கு எழுத்து தெரியாது. செய்தி வந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்து, இது லதா அனுப்பியது என்று கண்டுகொள்வாள். பிறகு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்வாள். திருத்தணிக்கு வரும்போதெல்லாம் மாடியேறி, முந்தானையில் முடிந்த கொய்யாப்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள்.

அந்த ஆடியில் வேர்க்கடலை விதைக்கு எங்கும் தட்டுப்பாடு. ஒரு காலை பெருமாள் மாடிக்கு வந்து, நம் கடையில் நாற்பது மூட்டை விதைப்பருப்பு இருக்கிறது, செய்தி அனுப்பிவிடு என்றார். எந்த நாற்பது மூட்டை என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் மழை பொய்த்ததால் விற்காமல் போனவை. ஓராண்டாக அவற்றை ஒட்டித்தான் அவள் பாய் விரித்துப் படுத்திருந்தாள். மூட்டைகளில் போன வருடத் தேதி போட்ட அட்டை போய், புதுத் தேதியோடு அட்டை தைத்திருந்தது.

பழசாச்சே என்று மெல்லக் கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். முளைத்தாலும் முளைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் அனுப்பினாள்.

இரண்டே நாளில் நாற்பது மூட்டையும் போயிற்று. தாயாரம்மாள் இரண்டு மூட்டை வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டு மாடிக்கு வந்தாள்.

"நீ அனுப்பனதால தாம்மா கெடச்சிது. மழ வந்தா வெதச்சிட வேண்டிதுதான்," என்றாள்.

புஷ்பலதா அவள் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினாள். அன்று சாயங்காலம் கடைத் தரையில் சிந்திக் கிடந்த பருப்புகளில் நூறு பொறுக்கி, ஈரச் சாக்கில் சுருட்டி, குளியலறை மூலையில் வைத்தாள். தினமும் தண்ணீர் தெளித்தாள். ஐந்தாம் நாள் பிரித்து எண்ணினாள். இருபத்தேழுதான் முளைத்திருந்தன. மற்றவை அழுகி வீச்சமடித்தன.

சாக்கை அப்படியே கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தாள். பெருமாள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியும் லதா," என்றார். "வெளிய சொன்னா இந்தக் கட அன்னிக்கே மூடிக்கும். அப்புறம் நான் எங்க போவேன்? நீ எங்க போவ?"

அவள் இரண்டு நாள் மாடியில் உட்கார்ந்து மற்ற கடைகளின் இருப்பை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள். மழை வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். விவசாயிகளுக்கு வேலை செய்கிறவள் இப்படி வேண்டுகிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. விடிந்தால் ஏர் கட்டிவிடுவார்கள். காலையில், திருவிழா என்று சொல்லி, பெருமாள் மாடி அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். அவளுடைய பையில் இருந்த நிறுவனத்தின் செல்போனை அவர் கேட்கவில்லை. மறந்தாரா, கேட்க மனம் வரவில்லையா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவள் மூட்டை அடுக்கியிருந்த இடத்தில் நின்றபடியே தட்டினாள்: 'பெருமாள் கடை வேர்க்கடலை விதை பழையது. நூற்றுக்கு இருபத்தேழுதான் முளைக்கிறது. விதைக்க வேண்டாம். திருப்பிக் கொடுங்கள்.' அனுப்பினாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். ஊருக்குள் லட்சம் பேர் வந்திருக்க, சிக்னல் திணறிப்போயிருந்தது. தெருவுக்கு வந்தாள். மஞ்சள் வேட்டியும் காவடியுமாகக் கூட்டம் அடைத்துக்கொண்டு வந்தது. பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். போனை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். ரயில் நிலையம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஜனத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டியில் ஏறினாள்.

அரக்கோணம் நெருங்கும்போது சிக்னல் வந்தது. நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, இருபது இருபது பேராக அனுப்பி முடித்தாள்.

முதலில் கூப்பிட்டது தாயாரம்மாள்.

"படிச்சிக் காட்டுனாங்கம்மா. அர ஏக்கர் வெதச்சிட்டேன். மீதிய நிறுத்திட்டேன்." பிறகு கேட்டாள்: "முன்னயே தெரியுமா ஒனக்கு?"

"ஆங்," என்றாள் புஷ்பலதா. "தெரியும்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

வீடு திரும்பியபோது கதவு திறந்திருந்தது. அண்ணி சோற்றை மூடி வைத்திருந்தாள். அடுத்த நான்கு நாளில் முப்பத்தொரு மூட்டை திரும்பி வந்தது. மற்றவை மண்ணுக்குள் போய்விட்டிருந்தன. பெருமாள் ஒவ்வொரு மூட்டையையும் வாங்கிப் பழைய இடத்திலேயே அடுக்கினார். வந்தவர்கள் பேசிய பேச்சைக் கேட்டுக்கொண்டார். கடை மூடவில்லை. ஆனால் கூட்டம் குறைந்துபோயிற்று. அன்றிலிருந்து அவர் தங்கையோடு பேசுவதை விட்டார். வெளியே போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கேயாவது போயிருப்பாள். அவர் அதையும் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி அவள் செய்தது சரிதான் என்றார். ஆனால் அனுமதியில்லாமல் செய்தி அனுப்பியது விதிமீறல் என்று போனை வாங்கிக்கொண்டார். அறையைக் காலி செய்து திட்டத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புஷ்பலதா மறுபடி கடைக்கும் அடுப்படிக்குமாக ஆனாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம் தாயாரம்மாள் கடை வாசலில் வந்து நின்றாள். அரை ஏக்கர் பாழ்தான் என்றாள். மீதி நிலம் இன்னும் சும்மா கிடக்கிறது, கொள்ளாவது போடலாம் என்றிருக்கிறாளாம்.

"கொள்ளு வெத எங்க கெடைக்கும்மா?" என்று கேட்டாள்.

பெருமாள் கல்லாவில் இருந்தார். கடையிலும் ஒரு மூட்டைக் கொள்ளு இருந்தது. அவர் தலை தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பது புஷ்பலதாவுக்குத் தெரிந்தது. அவள் அந்த மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். கொள்ளில் வண்டு துளைத்த ஓட்டை இருந்தது.

"இங்க வேணாம்மா," என்றாள். "பள்ளிப்பட்டுல பஞ்சாட்சரம் கடைல கேளு. வாங்கறதுக்கு முன்ன நாலு கொள்ள ஊற வெச்சிப் பாரு."

தாயாரம்மாள் தலையாட்டிவிட்டு பஸ் பிடிக்கப் போனாள். புஷ்பலதா கையிலிருந்த கொள்ளை மூட்டைக்குள் போட்டுவிட்டு, கடையைப் பெருக்கத் துடைப்பத்தை எடுத்தாள்.