மலர்க்கொடியின் காருக்குள் பெய்த மழை

கடலூர் செம்மண்டலத்தில் தையல்கடை வைத்திருந்த மலர்க்கொடியின் காரில், ஐப்பசி பிறந்தால் பானெட்டுக்குள் மட்டும் தனியாக மழை பெய்தது. வெளியே தூறல் விழுந்த பிறகுதான் உள்ளே ஆரம்பிக்கும். வெளியே விட்டுவிட்டாலும் உள்ளே விடாது. பானெட்டைத் தூக்கினால் எஞ்சினுக்கு மேல் தலையணை அளவில் சாம்பல் நிற மேகம் ஒன்று படுத்திருக்கும். முதல் வருடம் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. அடுத்த வருடம் அதில் இடி உண்டா என்று மட்டும் விசாரித்தார்கள். இல்லை என்றதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கார் எண்பத்தேழாம் வருடத்து மாடல், தயிர் நிறம். ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசில் அதை வாங்கி, நாற்பது வயதுக்கு மேல் ஓட்டப் பழகியவள் மலர்க்கொடி. வெயில் காலத்தில் சாவியைத் தொட்டாலே கிளம்பும் வண்டி, ஈரக் காற்று பட்டால் இருமிவிட்டு அடங்கிவிடும். முதுநகரிலிருந்து மெக்கானிக் நாசர் வருவார். அவசரப்படாத மனிதர். முதலில் பேட்டரியைப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். அவற்றுக்குக் கரண்ட் கொண்டுபோகும் வயர்களைப் புதிதாகப் போட்டார். அந்தக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உட்புறம் வியர்த்திருந்தது, ஓரத்தில் மயிரிழை விரிசல். மூடியையும் மாற்றி, ஹேர் டிரையரால் காயவைத்தார். எஞ்சின் ஒரு முறை உறுமியது. அதற்குள் மேகம் இன்னொரு பாட்டம் பெய்துவிட்டது. “வண்டியில ஒரு கொறையும் இல்லக்கா, வானந்தான் எடம் மாறி உக்காந்திருக்கு” என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

இப்படியே மூன்று மழைக்காலம் போனது. நான்காவது வருடம், ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று மலர்க்கொடி சிதம்பரம் மேல வீதிக்குக் கண்ணாடி போடப் போனாள். கடைக்காரர் வைத்திலிங்கம் மனைவியை இழந்தவர், மெதுவாகப் பேசுபவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் முதலில் தெளிவாகப் பார்த்தது அவர் முகத்தைத்தான். பிறகு ஃபிரேம் தளர்ந்துவிட்டது என்று பலமுறை போனாள். அவரும் ஒவ்வொரு முறையும் அதை இறுக்கிக் கொடுத்தார். ஆடி முடிவதற்குள் இருவரும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

அவளுடைய தம்பி இளவரசுவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்தான். “இந்த வயசுல என்னாத்துக்குக் கல்யாணம்?” என்றான். கடைசியில், “கார்த்திக மழையில ஒன் காரு ஸ்டார்ட் ஆவட்டும், நானே முன்சீட்ல ஒக்காந்து வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்” என்றான். அவன் வராமலும் கல்யாணம் நடக்கும். ஆனால் அவன் வராத கல்யாணத்தில் தன்னால் சிரிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் கார்த்திகையிலேயே பதிவுக்கு நாள் குறித்தாள்.

அன்று காலை கடலூரில் மழை கொட்டியது. பட்டுப்புடவை கட்டி மலர்க்கொடி சாவியைத் திருப்பினாள். கார் இருமியது. நாசர் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மேகம் ஓயவில்லை. வாசலில் குடை பிடித்து நின்ற இளவரசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணை வழியனுப்பப் பூவும் பிரியாணியுமாக வந்திருந்த நாசரின் மனைவி ஆசியா உம்மாள்தான் பொறுமை இழந்தாள்.

“ஏங்க, புள்ள பெத்தவளுக்குத் தலைக்கு ஊத்துனா எப்படிக் காயவெப்பீங்க? ஊதி ஊதியா? சாம்பிராணி போடுங்க.”

“பெட்ரோல் வண்டிக்கிட்ட நெருப்பா? ஒனக்கு என்ன பைத்தியமா?”

“நெருப்பத் தள்ளி வெக்கிறேன். பொகைய மட்டும் அனுப்புறேன். நீங்க நவுருங்க.”

மாடிப்படிக்கு அடியில் தூபக்காலை வைத்து, தணலில் சாம்பிராணியைத் தூவி, முறத்தால் அவள் வீசினாள். புகை முற்றத்தைக் கடந்து பானெட்டுக்குள் நுழைந்தது. மேகம் முதலில் சுருங்கியது, பிறகு சோம்பல் முறித்தது, பிறகு உலர்ந்த கூந்தலைப்போல் பொசுபொசுவென்று பெருத்து, வாசனையோடு எழுந்து வெளியே வந்து காரின் கூரைக்கு மேல் நின்றது. நாசர் கடைசியாக ஒருமுறை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்து மாட்டினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே கைதட்டியது. இளவரசு குடையை மடக்கிவிட்டு முன்சீட்டில் ஏறினான்.

சிதம்பரம் சாலையின் இரண்டு பக்கமும் வயல்கள் குளமாகக் கிடந்தன. மேகம் காருக்கு மேலேயே கூட வந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் இளவரசு திடீரென்று, “நீ போய்ட்டா ஞாயித்துக்கெழம நான் எங்கக்கா சாப்புடுவேன்?” என்று கேட்டான். மலர்க்கொடி கியரை மாற்றினாள். “காரு எதுக்குடா இருக்கு? நானே வந்து கூட்டிட்டுப் போறேன். மாமாவுக்கு மீன்கொழம்பு வெக்கத் தெரியும், சாப்ட்டுப் பாரு.” அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். சற்று நேரத்தில் இருவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பதிவு அலுவலக வாசலில் வைத்திலிங்கம் மல்லிகை மாலையோடு நனைந்து நின்றார். இளவரசு இறங்கிப் போய், “மாமா, உள்ள வாங்க, சளி புடிச்சிக்கும்” என்று அவர் கையைப் பிடித்தான். கேட்காமலே கையெழுத்துப் போட்டான். மாலை மாற்றும்போது மேகம் ஜன்னல் வழியாக நுழைந்து மணமக்கள்மீது மட்டும் பன்னீர் அளவுக்குத் தூறியது. அதிகாரி தாள்களை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

மேகம் கடலூர் திரும்பவில்லை. மேல வீதியில் வைத்திலிங்கத்தின் மொட்டைமாடி அதற்குப் பிடித்துப்போயிற்று. கத்திரி வெயிலிலும் அங்கே சாயங்காலம் சிறு மழை உண்டு. பிள்ளைகள் மாடியேறி ஆடுகிறார்கள், மலர்க்கொடியும் சிலசமயம் சேர்ந்துகொள்கிறாள். வடகம் பிழிபவர்கள் மட்டும் இரண்டு வீடு தள்ளிக் காயவைக்கிறார்கள்.