இரண்டு சாலைகள், ஒரு பாலம்

இனாசே ஊரின் வரைபடம் ஆற்றங்கரையோடு முடிந்துவிடும். அக்கரையில் இருக்கும் குரோமி ஊர் அதில் வெறும் வெள்ளைத்தாள். குரோமியின் வரைபடத்திலோ இனாசே என்று ஓர் ஊரே கிடையாது. இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து வளர்ச்சித் திட்டம் போடத் தொடங்கிய பிறகும் வரைபடங்கள் தனித்தனியாகத்தான் அச்சாகி வந்தன.

இரண்டு ஊர்க்காரர்களும் கூடியிருந்த பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தின் தரையில் மிசுயே முதல் முறையாக இரண்டையும் சேர்த்து விரித்தாள். இனாசேயின் திட்டப் பிரிவு அவள் பொறுப்பு. இன்று இரண்டு தலைவர்களும் முத்திரை குத்தினால் பாலம் வரும். குரோமியின் மருத்துவமனை கூப்பிடு தூரத்துக்கு வந்துவிடும். தவறினால் மாகாண அரசின் உதவி வேறு ஊர்களுக்குப் போய்விடும். போன குளிர்காலத்தில் அவள் தங்கை, மலையைச் சுற்றிப் போன ஆம்புலன்சிலேயே பிள்ளை பெற்றாள்.

காகிதங்களின் ஓரம் பொருந்தியது. பாலத்துக்கு வரும் சாலைகள் பொருந்தவில்லை.

"ஹதானோ-சான், உங்க ரோடு எங்க போகுது?"

குரோமியின் திட்ட அதிகாரி ஹதானோ மண்டியிட்டுப் பார்த்தார். "நேரா உங்க வயலுக்குள்ள. உங்க ரோடு எங்க மூங்கில் காட்டுக்குள்ள. நாம ரொம்ப மரியாதைக்காரங்க. அடுத்த ஊர் விஷயம்னு ரெண்டு பேருமே கேக்கல."

இனாசேயின் தலைவர் கொமோரி கையைக் கட்டிக்கொண்டார். "நாங்க நிலமே வாங்கியாச்சு. நீங்க வளைச்சுக்குங்க."

"நாங்களும்தான் வாங்கியாச்சு," என்றார் குரோமியின் தலைவி தோக்கிவா. "நீங்க வளைங்க, கொமோரி-சான். தேர்தல் வந்தா எப்படி வளையறீங்க!"

கூடம் சிரித்தது. கொமோரி சிரிக்கவில்லை. முத்திரைக்காகக் காத்திருந்த மாகாண அதிகாரி பையை மூடத் தொடங்கினார்.

மிசுயே சட்டென்று எழுந்தாள். "தலைவரே, பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டுல ஒரு புட்டிங் மிஞ்சினா யாருக்குன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"ஜான்கென்னா? கல்லு, கத்தரி, காகிதமா? விளையாடறியாம்மா?"

தோக்கிவா அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். "தோத்தவங்க ரோடு வளையும். பயமா இருந்தா சொல்லுங்க."

"பயமா? எனக்கா?"

கூடமே ஒரே குரலில் எண்ணியது. கல்லுக்குக் கல். மறுபடி. கத்தரிக்குக் கத்தரி. பின்னால் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். மறுபடி. கொமோரி முஷ்டியை நீட்டினார். எதிரே தோக்கிவாவின் விரிந்த உள்ளங்கை. காகிதம் கல்லை மூடிவிட்டது.

குரோமிக்காரர்கள் கத்தினார்கள். இனாசே பக்கத்திலிருந்து மிசுயேவின் குரலும் எழுந்தது. கொமோரி திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நீ எந்த ஊர்ல சம்பளம் வாங்குற?"

"பாலம், தலைவரே! பாலம் வந்துடுச்சு!"

மிசுயே சிவப்புப் பென்சிலோடு வரைபடத்தின் மேல் மண்டியிட்டிருந்தாள். கோடு கரையோரமாக வளைந்து இறங்கியது. ஒரு பச்சைக் கட்டத்தின் முன் கை தயங்கியது.

"ஏன் நிறுத்திட்ட? என் பேரிக்காய்த் தோப்புதான். இழு," என்றார் கொமோரி.

இழுத்தாள்.

"இந்த வருஷக் காய்ப்புல எங்களுக்கு ஒரு கூடை," என்றார் தோக்கிவா.

"கொடுத்தனுப்ப மாட்டேன். பாலம் கட்டுங்க, நடந்து வந்து வாங்கிக்குங்க." சொல்லிக்கொண்டே கொமோரி சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார்.