முப்பது வடிதாள்கள்

அப்போது வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: இறந்தவனின் மனைவி, அவன் அக்கா, அக்காவின் கணவர், அவன் வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவர், வெள்ளைத் துணிக்கடியில் அவன்.

அக்கா அவன் பைக்குள் கையை விட்டுக் குறிப்பேட்டை எடுத்தாள். தலைவர் கேட்டது அதைத்தான்.

"அவசரமில்லம்மா," என்றவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

கரையோரக் கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் எவ்வளவு இருக்கிறது என்ற அறிக்கை நாளை போக வேண்டும். முப்பது இடங்களில் நீர் எடுத்து, வடிகட்டி, வடிதாளில் தங்கிய ஒவ்வொரு துணுக்கையும் என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடித்தவன் அவன்.

கொடுக்குமுன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

'தூய நீரை வடிகட்டினேன். ஒன்றும் தங்கக் கூடாது. பதினான்கு நீல இழைகள். அக்ரிலிக். ஆய்வகக் குளிருக்குக் கோட்டுக்குள் நான் போட்டிருந்த ஸ்வெட்டர். இதுவரை இந்தச் சோதனையை உதவியாளர் செய்தார்; எதுவும் தங்கியதில்லை. இன்று நானே செய்தேன். முப்பது இடத்து நீரை வடிகட்டியபோதும் இதே ஸ்வெட்டர். முப்பதும் செல்லாது.'

ஸ்வெட்டர் அவள் பின்னியது.

அவள் தோளுக்கு மேலே கணவரும் படித்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அந்த ஒரு தாளக் கிழிச்சுடு. போனவன் பேராவது மிஞ்சட்டும்."

"தலைவருக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா?"

"தெரிஞ்சா இப்படிப் பொறுமையா நிப்பாரா?"

"என்ன அண்ணி எழுதியிருக்கு?" என்றாள் தம்பி மனைவி, தலை நிமிராமல்.

"அந்த ஸ்வெட்டர்..."

"கொடியில பாலியஸ்டர் துணி கெடந்தா, இழை ஒட்டிக்கும்னு தெருவையே சுத்திட்டு வர்ற மனுஷன். நீங்க பின்னினது மட்டும் அவருக்குப் பருத்தி."

தலைவர் இருமினார். அக்காவின் கட்டைவிரல் தாளின் ஓரத்தில் இருந்தது. அந்தக் குடும்பத்தில் யாரும் எழுதியதை மறைத்ததில்லை. இப்படி எழுத வேண்டி வந்ததும் இல்லை. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு தலைவரிடம் நடந்தாள்.

"கடைசிப் பக்கத்த இங்கயே படிச்சிடுங்க."

அவர் படித்தார். பிறகு மறுபடி படித்தார்.

"நேத்து என்னைத் தேடினாராம். நான் கூட்டத்துல இருந்தேன்," என்றார். "அறிக்கை போகாதும்மா."

"ஏன்னு கேட்டா, அவன் எழுதினபடியே சொல்லுங்க."

ஆய்வகத்தார் தப்பைப் பிடித்ததால் அவமானம் தாங்காமல் செத்தான் என்று பிற்பாடு சிலர் பேசினார்கள். அப்படியில்லை. தப்பைப் பிடித்தவன் அவனேதான். எழுதி, கையெழுத்திட்டு, மறுபடி கடலுக்குப் போக முப்பது கண்ணாடிப் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் மாரடைப்பு வந்தது.