கிணற்றுச் சாவிக்குப் பத்து மதிப்பெண்

டீச்சர் இறந்து மூன்று மணி நேரம் ஆனபோது, முப்பத்தொரு மாணவர்களுக்கு டீச்சரிடமிருந்து செய்தி போனது.

"நாளை தேர்வு. இன்று பத்து மணிக்குக் கடைசி வகுப்பு. நான் இருப்பேன். யாரும் தாமதமாக வரக் கூடாது."

அனுப்பியது அவள் கணவர்தான். ஆனால் இன்றைக்கு அல்ல, திங்கட்கிழமை. வியாழன் காலை எட்டு மணிக்குத் தானாகப் போகும்படி நேரம் குறித்து வைத்துவிட்டு மறந்துபோனார். வியாழக்கிழமை அவள் இருக்க மாட்டாள் என்பது அவர் போட்ட கணக்கில் இல்லை. அரைமணிக்கு முன்புதான் தலைமை ஆசிரியை அதே குழுவில் இரங்கல் செய்தி போட்டிருந்தார். அதற்கு நேர் கீழே, டீச்சரின் சிரித்த முகப்படத்தோடு, நான் இருப்பேன்.

கூடத்தில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த கணவர், ஒரு நாற்காலியைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். எந்தப் பொத்தானை அழுத்தினால் எது எங்கே போய் நிற்கும் என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. அதிலும் மண் விழுந்தது. செய்தியை அழித்துவிடலாம். அழித்தால் அவள் முகத்துக்குப் பக்கத்தில் 'இச்செய்தி நீக்கப்பட்டது' என்று வரும். அது இதைவிட மோசம் என்று பட்டது.

ஒரு நிமிடம் கழித்துக் குழுவில் ஒரு வரி வந்தது.

"சரி டீச்சர்."

எழுதியவள் 'ஆனா'. எதைச் சொன்னாலும் "ஆனா டீச்சர்" என்று ஆரம்பிப்பதால் டீச்சர் வைத்த பெயர். அவளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக இன்னும் இருபது 'சரி டீச்சர்' வந்து விழுந்தன. மெக்கானிக் நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவள் கடைசியாகச் சொன்னது, "ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க." எழுந்து போனார். கொக்கி மாட்டிக்கொள்ளவில்லை. ஊரார் கதவையெல்லாம் திறந்து மூடுகிற மனிதர், சொந்த வீட்டு ஜன்னலோடு இரண்டு நிமிடம் மல்லுக்கு நின்றார். திரும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் பள்ளிக் கட்டடத்தில் விரிசல் விழுந்து, அதைப் பூட்டிவிட்டார்கள். வகுப்பெல்லாம் திரைக்கு வந்தது. அதே மாதம்தான் டீச்சருக்கும் நோயின் பெயரைச் சொன்னார்கள். "கட்டடமும் நானும் பேசி வச்சுக்கிட்டோம்" என்று சிரித்தாள். அந்த விரிசல் புண்ணியத்தில்தான் படுக்கையில் இருந்தபடியே பன்னிரண்டாம் வகுப்புக்கு இலக்கியம் நடத்தினாள்.

கடைசிப் பத்தொன்பது நாள் குரல் எழும்பவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, இனி எழுத்திலேயே பாடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னாள். அவள் முணுமுணுக்க, இவர் இரண்டு விரலால் மடிக்கணினியில் தட்டினார். பாதியில் தூங்கிப்போவாள். திரைக்கு அந்தப் பக்கம் முப்பத்தொரு பேர் காத்திருப்பார்கள். முதல் இரண்டு நாள் இவரும் காத்திருந்தார். மூன்றாம் நாள் ஒருவன் விடைக்கு 'நன்று' என்று போட்டார். ஐந்தாம் நாள் ஒரு வாக்கியம். ஊசி நுழைந்த இடத்தில் உலக்கை நுழைய அதற்குமேல் நாளாகவில்லை.

பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் வெளியே நின்று பேசுவது அவர் தொழிலில் பாதி. பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, நான் இங்கேதான் இருக்கேன். தேர்வுக்குப் பயந்த பிள்ளைகளிடமும் அதே பேச்சு செல்லுபடியானது. முகம் தெரிய வேண்டாம், மறுபக்கம் ஓர் ஆள் இருந்தால் போதும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பாடத்தில் ஒரு கதை. ஊரை விட்டுப் போகிற ஒருத்தி, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொல்லைக் கிணற்றில் போட்டுவிட்டுப் போகிறாள். ஏன் போட்டாள், விளக்குக. பத்து மதிப்பெண். வருடா வருடம் வருகிற வினா. டீச்சர் விடை சொல்ல ஆரம்பித்து, "அவ எல்லாத்தையும் அறுத்துட்டு" என்ற இடத்தில் கண் மூடிவிட்டாள். மீதியை மெக்கானிக் எழுதினார்.

அறுத்துக்கொண்டு போகிறவள் சாவியை ஆற்றில் எறிந்திருப்பாள், போகிற வழியில் ஆறு இருக்கிறது. இது அவள் வீட்டுக் கிணறு. சாவி எங்கே கிடக்கிறது என்று அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். திரும்பி வர நினைக்கிறவள்தான் அப்படிப் போடுவாள்.

எழுதும்போது, பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. அவள் கண் விழித்து, "அனுப்பியாச்சா?" என்றாள்.

"நீ சொன்னபடியே."

மறுநாள் கடையில் விற்கும் விடைக் கையேட்டைப் புரட்டினார். 'பற்றறுத்தல்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவளிடம் ஒப்புக்கொள்ள நல்ல நேரம் பார்த்தார். வலி இல்லாத நேரம், தூங்காத நேரம், கொழுந்தியாள் பக்கத்தில் இல்லாத நேரம். நேற்று மாலை வரை பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது அவள் கூடத்தில் படுத்திருக்கிறாள். நாளைக்கு முப்பத்தொரு பேரும் டீச்சர் சொன்னது என்று நம்பி அதை எழுதப் போகிறார்கள்.

ஒன்பது மணிக்கு அவளோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் வந்தார். டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலை குனிந்து நின்றார். மெக்கானிக் அவரைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய், சாவியை அவள் திரும்பி வரத்தான் போட்டாள் என்று எழுதினால் மார்க் வருமா என்று கேட்டார்.

கணக்கு வாத்தியார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "அது திருத்துறவரைப் பொறுத்தது சார்."

"கணக்குலயும் அப்படியா?"

"கணக்குல அப்படி இல்ல சார். நீங்க கொஞ்சம் உட்காருங்க."

சமையலறையில் கொழுந்தியாள் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் வேலைக்குப் போகிற நாட்களில் அக்காவைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அவளிடம் போய் நின்றார்.

"அவ பேர்ல நான் எழுதினது அவளுக்குத் தெரியுமா?"

"இப்ப எதுக்கு அத்தான் அதெல்லாம்? ஒரு வாய் டீ குடிங்க."

"தெரியுமா, தெரியாதா?"

"அக்கா எல்லாம் தெரிஞ்ச ஆளு" என்றாள், தம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. இந்த மாதிரி விடைக்கு டீச்சர் ஓரத்தில் சுழித்து ஒரு கேள்விக்குறி போடுவாள். அவருக்கு அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்ல என்று யோசித்தபடி, கழுவி வைத்த ஒரு தம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

வண்டி பதினோரு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் படுக்கையறைக்குப் போனார். கட்டில் விரிப்பை எடுத்திருந்தார்கள். மருந்துப் புட்டிகள் மட்டும் ஜன்னலோரம் அப்படியே இருந்தன. கொழுந்தியாள் பின்னாலேயே வந்து, பிள்ளைகளிடம் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டாள். உள்ளதை, என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, கதவோரம் நின்றுவிட்டாள்.

பத்தொன்பது நாளில் முதல் முறையாகக் கேமராவைப் போட்டார். முப்பத்தொரு கட்டங்கள். பெரும்பாலும் குளித்துத் தலைவாரி, புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் அழுது முடித்த முகத்தோடு இருந்தார்கள். திரையின் மூலையில் தன் முகத்தையும் பார்த்தார். சவரம் செய்யாத முகம். இதை வைத்துக்கொண்டா டீச்சர் வேஷம் போட்டோம் என்றிருந்தது.

பேச வாயைத் திறந்ததும் பழக்கதோஷத்தில் "பயப்படாதீங்க" என்று வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். தொண்டை கட்டு என்றது பொய். எழுதியதில் பாதிக்கு மேல் தான் எழுதியது. காலையில் வந்த செய்தியும் தான் வைத்த வெடிதான், மன்னிக்க வேண்டும். சாவி விடை மட்டும் முழுக்க முழுக்கத் தன்னுடையது, டீச்சர் அதைப் பார்க்கவே இல்லை.

"அதை அடிச்சிடுங்க. பற்றறுத்தல்னு எழுதுங்க. கையேட்டுல அப்படித்தான் இருக்கு."

எந்தக் கட்டத்திலும் பேனா அசையவில்லை. ஒருவன் பக்கவாட்டில் திரும்பி மூக்கைத் துடைத்தான்.

"ஆனா சார்…"

"சொல்லும்மா."

"டீச்சர் பார்த்தாங்க."

அவர் திரைக்கு அருகே குனிந்தார். "எதை?"

"நீங்க எழுதினதை. போன வியாழக்கிழமை நீங்க வேலைக்குப் போயிருந்தப்ப டீச்சர் லைன்ல வந்தாங்க. ஒரு அக்கா ஃபோனைப் பிடிச்சிட்டிருந்தாங்க. நாலு நிமிஷம்தான். குரலே இல்ல. எல்லாரும் வீட்ல ஃபேனை நிறுத்திட்டுக் கேட்டோம்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். கொழுந்தியாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சொன்னா?"

"கிணத்துச் சாவி சாரோட பதில்னாங்க. அடிச்சிடவா டீச்சர்னு நான்தான் கேட்டேன். வேண்டாம், அதையே எழுதுங்க, ஆனா கதையிலேர்ந்து ரெண்டு வரி மேற்கோள் காட்டுங்க, சார் அதை விட்டுட்டார்னாங்க. மேற்கோள் இல்லாட்டி ஆறு. இருந்தா எட்டு."

"பற்றறுத்தல்னு எழுதினா?"

"அதுக்கும் எட்டுதான். எல்லாரும் அதையே எழுதித் திருத்துறவங்களைத் தூங்க வைக்கிறாங்கன்னாங்க."

இரண்டு மூன்று கட்டங்களில் உதடு லேசாக அசைந்தது. கூடத்தில் யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும், பேச்சு தணிந்தது. மெக்கானிக் மேசையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். மறுபடி கழற்றினார். ஒரு வாரம். வியாழனிலிருந்து புதன் வரை, ஒவ்வொரு மாலையும் அவள் "அனுப்பியாச்சா?" என்று கேட்டாள். ஒவ்வொரு மாலையும் "நீ சொன்னபடியே" என்றார். அவளும் தலையை ஆட்டினாள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றார். யாரைக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தப் பெண் நேராகத் திரையைப் பார்த்தாள்.

"சொன்னா நீங்க எழுதுறதை நிறுத்திடுவீங்கன்னு சார்."

மெக்கானிக் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். முப்பத்தொரு வீடுகளில் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது.