பாதிச் சூரியன்

‘சிறு வயது முதலே ஆசிரியப் பணிதான் என் கனவு’ என்று எழுதி, அடித்து, மறுபடியும் அதையே எழுதிவைத்திருந்தாள் மருந்துக்கடைப் பெண். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள். ‘ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?’ என்று கேட்டு ஒரு பக்கம் காலியாக விட்டிருந்தார்கள். போன வருடமும் இந்த வரிதான்; விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. இம்முறையும் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். உண்மையில் சிறு வயதில் பள்ளிக்கூடம் என்றாலே அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாள்.

“எல்லாரும் அப்படித்தான்டி எழுதுவாங்க. நீ என்ன அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடா?” என்றான் போனில் அண்ணன்.

துடைத்த பாட்டில்களையே திரும்பத் துடைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். ‘ஆண்டவனே, பொய் சொல்லாம ஒரு வரி குடு’ என்று முணுமுணுத்தாள்.

புருவமெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் தெறிப்போடு, எதிர் வீட்டில் வேலை செய்யும் பெயிண்டர் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, ஏணி மேல நின்னா தலை கிறுகிறுங்குது.”

அவனுக்கு எழுத்து தெரியாது. அதனால் நேற்று அவன் வாங்கிய இரண்டு மாத்திரை உறைகளிலும் அவளே படம் வரைந்து கொடுத்திருந்தாள். காலைக்கு உதிக்கிற பாதிச் சூரியன். மாலைக்கு மறைகிற பாதிச் சூரியன்.

“ரெண்டும் ஒரே சூரியன்தானேக்கா? காலைலயே ரெண்டையும் முழுங்கிட்டேன்.”

மாலை மாத்திரை தூக்கம் வரவைப்பது. அவனை உட்காரவைத்து டாக்டருக்குப் போன் செய்தாள். பயப்பட ஒன்றுமில்லை, இன்று ஏணிப் பக்கமே போகக் கூடாது என்றார் அவர்.

மறுபடி விளக்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

“சாயங்காலம் ஆயிடுச்சுன்னு உனக்கு எது சொல்லும்?”

“ஏணியைப் படுக்கப் போட்டுருவேன். எனக்கு முன்னாடி அது தூங்கிரும்.”

ஒரு புது உறையில் நிற்கும் ஏணி, இன்னொன்றில் படுத்த ஏணி வரைந்தாள்.

“இது ரயில் தண்டவாளம்க்கா,” என்று சிரித்தவன், பேனாவை வாங்கிப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் வாளியை வரைந்தான். “இப்ப ஏணி.”

அவள் விண்ணப்பத்தின் முதல் வரியை அடித்தாள். ‘நான் வரைந்த சூரியன் உதிக்கிறதா மறைகிறதா என்று ஒருவருக்குத் தெரியவில்லை’ என்று எழுதினாள். அடுத்த வரி வரவில்லை.

“அக்கா, எதிர்ல ஏணிய அப்படியே நிறுத்திட்டு வந்துட்டேன். யாராச்சும் ஏறிடப் போறாங்க...”

“நீ உக்காரு.”

மருந்துப் பாட்டிலைத் தாளின் மேல் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். உச்சி வெயிலில் ஏணியைக் கட்டிப்பிடித்து, மெல்லச் சாய்த்து, சுவரோரம் படுக்கப் போட்டாள். திரும்பி வந்து பேனாவை எடுத்து அடுத்த வரியை எழுதத் தொடங்கியபோது, உள்ளங்கையின் வெள்ளைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை.